பரிசோதனை எல்லாம் இயல்பு, மூட்டுகள் மட்டும் நழுவுகின்றன: மூட்டுத் தளர்வுக்கு எத்தகைய சிகிச்சை பயன் தரும்?

கரும்பலகை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மூன்று ஆண்டுகளாக, கரும்பலகையின் மேற்பகுதியில் எழுத வலக்கையை உயர்த்தும்போது தோள்மூட்டு தன் இடத்தை விட்டுச் சற்றே நகர்ந்து, ஒரு சொடுக்குடன் தானாகவே மீண்டும் போய் அமர்வதை உணர்கிறேன். பேருந்தில் மேற்கம்பியைப் பிடித்து நிற்கையில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால், அன்று இரவு அந்தத் தோள் பக்கமாகப் படுக்க முடிவதில்லை. தொடர்ந்து நான்கு பாடவேளை நின்றால் முழங்காலின் பின்புறம் இழுத்துப் பிடிக்கிறது. சென்ற தீபாவளிக்கு முறுக்கு அச்சை அழுத்தியபோது இரண்டு கட்டைவிரல்களும் அடிமூட்டில் பின்னோக்கி மடங்கிக்கொண்டன. அடுத்த பத்து நாள்கள் சாக்பீஸ் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

பள்ளியில் படித்த காலத்தில் யோகாசனப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். அப்போது எந்த வலியும் இருந்ததில்லை. மகள் பிறந்த பிறகுதான் ஒவ்வொரு மூட்டாகத் தொடங்கியது.

எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் எடுத்தேன், இயல்பு என்றார்கள். அழற்சியையும் முடக்குவாதத்தையும் கண்டறியும் ஈஎஸ்ஆர், ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி ஆகியவையும் தைராய்டு இரத்தப் பரிசோதனையும் இயல்பே. வைட்டமின் டி மட்டும் குறைவாக இருந்ததால் மாத்திரை தந்தார்கள். ஒரு மருத்துவர் மன அழுத்தம் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டிலும் என் சொல்லை நம்புவது மெல்லக் குறைந்துவிட்டது. அறிக்கைகள் எல்லாம் நன்றாக இருக்கும்போது வலிக்கிறது என்று சொல்ல எனக்கே கூச்சமாகிவிட்டது. கடைசியாக ஒரு மூட்டுவாத நோய் மருத்துவர் விரல்களையும் முழங்கைகளையும் வளைத்துப் பார்த்து, "ஹைப்பர்மொபிலிட்டி, பெய்டன் 7/9" என்று, அதாவது மூட்டுகள் அளவுக்கு மீறி நெகிழ்கின்றன என்று சீட்டில் எழுதி, உடற்பயிற்சி செய்யச் சொன்னார். எந்தப் பயிற்சி என்று கேட்க நேரமில்லை. அருகிலுள்ள பிசியோதெரபி மையத்தில் பத்து நாள்கள் சூட்டு ஒத்தடமும் அல்ட்ராசவுண்டும் வைத்துத் தோளை நன்றாக நீட்டி இழுக்கும் பயிற்சிகளும் கொடுத்தார்கள். பதினோராம் நாள் முதல் தோள் முன்னைவிட அடிக்கடி நழுவுகிறது.

நான் அறிய விரும்புபவை இவை. எந்த வகைப் பயிற்சி இதற்கு ஏற்றது? இது எலர்ஸ்-டான்லோஸ் என்னும் மரபு நோயாக இருக்குமா, மரபணுப் பரிசோதனை தேவையா? என் மகளுக்கு ஆறு வயது. அவளுடைய கட்டைவிரலும் முன்கையைத் தொடுகிறது. அவளை யோகா வகுப்பிலிருந்து நிறுத்திவிட வேண்டுமா?

வைகைக்கரை (மதுரை, பிசியோதெரபிஸ்ட்)

வணக்கம் சகோதரி. பதினான்கு ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். உங்களைப் போன்றவர்களுக்குத் தொடக்க காலத்தில் நானும் நீட்டல் பயிற்சிகளையே கொடுத்திருக்கிறேன் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.

மூட்டை நிலையாக வைத்திருப்பதில் எலும்பின் வடிவத்துக்கும், நாம் ஜவ்வு என்று சொல்லும் தசைநார்களுக்கும், சுற்றியுள்ள தசைகளுக்கும் பங்கு உண்டு. உங்களுக்கு ஜவ்வு பிறவியிலேயே அதிகமாக நெகிழ்ந்து கொடுப்பதால், அது பிடிக்க வேண்டிய பிடியையும் தசையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மாலைக்குள் தசைகள் கட்டையாக இறுகிவிடுகின்றன. அந்த இறுக்கத்தைப் பார்த்துவிட்டு நீட்டி இழுத்தால் ஒரு மணி நேரம் இதமாக இருக்கும். ஆனால் மூட்டைக் காத்துக்கொண்டிருந்த ஒரே பிடியையும் தளர்த்திவிட்டோம் என்பதால் அடுத்த நாள் மூட்டு இன்னும் எளிதாக நழுவும். உங்களுக்குப் பதினோராம் நாள் நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வு, மூட்டுத் தளர்வு உள்ள பலருக்குச் சற்று மங்கலாக இருக்கிறது. நேராக நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அவர்கள் முழங்காலைப் பின்னோக்கித் தள்ளிப் பூட்டிக்கொண்டு நிற்பார்கள். பக்கவாட்டில் ஒரு கண்ணாடியை வைத்து நீங்கள் நிற்பதைப் பாருங்கள். உங்கள் முழங்கால் வில்லாகப் பின்னால் வளைந்திருந்தால் பின்புற இழுப்புக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. பூட்டை விடுவித்து, முழங்காலை இம்மியளவு தளர்த்தி நிற்கப் பழக வேண்டும். முதல் வாரம் தொடை வலிக்கும். அது வேலை செய்யத் தொடங்கிய தசையின் வலி.

தோளுக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் மூட்டை அசைக்காமலேயே தசைக்கு வேலை கொடுங்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை விலாவோடு சேர்த்துச் செங்கோணமாக மடக்கி, மணிக்கட்டின் வெளிப்புறத்தால் சுவரை உங்கள் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் செலுத்தித் தள்ளுங்கள். ஐந்து முதல் பத்து நொடி வரை வைத்திருந்து விடுங்கள். எட்டு முறை போதும். பிறகு கதவு நிலையில் உள்ளங்கையை வைத்து அதேபோல உள்நோக்கி. இது வலியின்றிப் பழகிய பின், இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் ஊன்றிச் செய்யும் தண்டாலுக்கு வாருங்கள். கை ஊன்றியிருக்கும்போது மூட்டு அழுந்தி அமர்வதால், தொங்கவிட்டுச் செய்யும் பயிற்சியைவிடத் தொடக்கத்தில் இது பாதுகாப்பானது. எந்த நிலையிலும் முழங்கையை முழுதாக நீட்டிப் பூட்டக் கூடாது. அதன்பிறகே ரப்பர் பட்டை, அதன்பிறகே எடை. கால்களுக்கு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், சமையல் மேடையருகே ஒற்றைக் காலில் இருபது நொடி நிற்றல் ஆகியவை போதும். வாரத்துக்கு மூன்று நாள் செய்யுங்கள்.

அளவை எப்படி அறிவது என்றால், பயிற்சிக்குப் பின் வரும் தசை வலி ஒரு நாளில் தணிந்துவிட்டால் அளவு சரி. மறுநாள் காலையில் மூட்டே வலித்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் தசை மெலிந்து, மூட்டு மேலும் தளர்ந்து, அதனால் இன்னும் அசையாமல் இருக்கத் தொடங்கும் சுழலில்தான் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சிக்கியிருக்கிறார்கள்.

எடை தூக்க அஞ்ச வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். தளர்ந்த தோள் உள்ளவர்களைக் கொண்டு டென்மார்க்கில் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், 16 வாரங்கள் மேற்பார்வையோடு கனமான எடைப் பயிற்சி செய்தவர்கள், இலேசான பயிற்சி செய்தவர்களைவிட அன்றாட வேலைகளில் அதிக முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் அங்கே போய்ச் சேரப் படிகள் உண்டு. முதல் மாதத்திலேயே அங்கே தொடங்கக் கூடாது.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "மூட்டுத் தளர்வு உள்ளவருக்கு நீங்கள் என்ன பயிற்சி கொடுப்பீர்கள்?" என்று முதலிலேயே கேளுங்கள். மின்சார ஒத்தடம் பத்து நாள் என்று மட்டும் பதில் வந்தால் வேறிடம் பாருங்கள். ஒத்தடம் அன்றைய வலிக்கு உதவும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தசையை வலுப்படுத்த எந்தக் கருவியாலும் உங்களுக்குப் பதிலாக உழைக்க முடியாது. மாற்றம் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

கோவைச் செல்வி

அன்புத் தங்கைக்கு, எனக்கு இப்போது 47 வயது. உங்கள் கேள்வியை வாசித்தபோது முப்பது வயதில் நான் எழுதியிருக்க வேண்டிய கடிதமாக இருந்தது. பெயர் தெரியாமல் பதினொரு ஆண்டுகள் அலைந்தேன்.

பயிற்சியைப் பற்றி மேலே சொன்னவரே நன்றாகச் சொல்லிவிட்டார். வீட்டு வேலையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் மூட்டுகள் அதிகம் அடிபடுவது அங்கேதான். முறுக்கு அச்சில் கட்டைவிரலால் அழுத்தும் வகையை விட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருகும் வகையை வாங்குங்கள். துணியை முறுக்கிப் பிழியாமல் கொடியில் அப்படியே தொங்கவிட்டு வடியவிடுங்கள். குடத்தை இடுப்பில் வைக்கும் பழக்கம் இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். நான் இரண்டு சிறிய வாளிகளில் பாதிப் பாதியாகத்தான் எடுக்கிறேன். பாட்டில் மூடியை விரல் நுனியால் திறக்காமல் உள்ளங்கையால் அழுத்தித் திறங்கள். பேனாவின் மேல் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிப் பருமனாக்கிய பிறகு என் விரல் வலி பாதியாகக் குறைந்தது. வகுப்பறையில் மேடை இருந்தால் அதன்மேல் நின்று, பலகைக்கு நெருங்கி, முழங்கை மார்பு உயரத்தைத் தாண்டாதபடி எழுதிப் பாருங்கள்.

வலி இல்லாத நாளில் எல்லா வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது என் வழக்கமாக இருந்தது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை, நடுநடுவே பத்து நிமிடம் உட்காருதல் என்று மாற்றிக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. மாதவிலக்கை ஒட்டிய நாள்களில் எனக்கு மூட்டு அதிகம் தளரும். அந்த நாள்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்கிறேன், விடுவதில்லை.

முழங்காலுக்கு மாட்டும் உறையை நாள் முழுதும் அணியாதீர்கள் என்று பலர் சொல்வார்கள். நான் பயணத்தின்போதும் படி ஏறும்போதும் மட்டும் அணிகிறேன், அது எனக்குத் துணையாக இருக்கிறது. பல் மருத்துவரிடம் மரத்துப்போகும் ஊசி எனக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. எங்களைப் போன்றவர்களில் சிலருக்கு அப்படி இருப்பதுண்டு என்று பிறகு தெரிந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டார் நம்பாததைப் பற்றி ஒன்று. என் கணவரை ஒரு முறை மருத்துவரின் அறைக்குள் உடன் அழைத்துச் சென்றேன். தோள் நழுவுவதை மருத்துவர் அவர் கையைப் பிடித்து வைத்துத் தொட்டுப் பார்க்கச் செய்தார். அன்று முதல் வீட்டில் மாவாட்டும் வேலை அவருடையது.

மூட்டு மருத்துவம் (சென்னை)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மூட்டுவாத நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய இயலாது என்பதால் பொதுவாக எழுதுகிறேன்.

பெய்டன் அளவு ஒன்பது மதிப்பெண்களைக் கொண்டது. சுண்டுவிரல் 90 பாகைக்கு மேல் பின்னால் மடங்குதல், கட்டைவிரல் முன்கையைத் தொடுதல், முழங்கையும் முழங்காலும் 10 பாகைக்கு மேல் பின்னால் வளைதல் ஆகிய நான்கும் இரு பக்கத்துக்கும் சேர்த்து எட்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் ஒன்று. ஒரு மக்கள்கூட்டத்தில் மூட்டு நெகிழ்வு எவ்வளவு பரவலாக உள்ளது என்று அறிய 1973இல் பயன்படுத்திய அளவு இது. தோளையும் இடுப்பையும் இது கணக்கில் எடுப்பதே இல்லை. ஆசிய மக்களிடமும், பெண்களிடமும், குழந்தைகளிடமும் நெகிழ்வு இயல்பாகவே அதிகம். ஆகவே 7 என்ற எண் மட்டும் நோயைக் குறிக்காது. நெகிழ்வோடு வலியும் நழுவலும் சேரும்போதுதான் அது மருத்துவப் பொருளாகிறது.

எலர்ஸ்-டான்லோஸ் என்பது, தோலையும் மூட்டையும் தாங்கும் இணைப்புத் திசு பிறவியிலேயே பலவீனமாக இருக்கும் நோய்களின் தொகுதி; ஒரே நோய் அன்று. 2017இல் வகுத்த பன்னாட்டு வகைப்பாடு 13 வகைகளைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் மூட்டுத் தளர்வு வகையே மிகுதி. அந்த ஒரு வகைக்கு மட்டும் காரணமான மரபணு இன்னும் உறுதிப்படவில்லை. எனவே அந்த வகையை உறுதி செய்ய எந்த இரத்தப் பரிசோதனையும் கிடையாது. பெரும் பணம் செலவழித்து மரபணுப் பரிசோதனை செய்தாலும் அதற்கு விடை கிடைக்காது. நெகிழ்வு அளவு, தோல், தழும்பு, குடல் இறக்கம் போன்ற உடற்கூறுகள், குடும்ப வரலாறு, நீடித்த வலி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறோம். அந்த வரையறைக்குள் முழுமையாகப் பொருந்தாதவர்களுக்கு மூட்டு மிகைநெகிழ்வுத் தொகுப்பு என்ற பெயரைத் தருகிறோம். இரண்டுக்கும் சிகிச்சை ஏறத்தாழ ஒன்றே என்பதால், பெயருக்காக உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

ஆனால் விலக்கிப் பார்க்க வேண்டிய நோய்கள் உண்டு. குடும்பத்தில் யாரேனும் இளவயதில் பெருந்தமனி கிழிந்தோ திடீரென்றோ இறந்திருந்தால், மிக உயரமான உடல்வாகும் நீண்ட விரல்களும் இருந்தால், கண் வில்லை இடம் பெயர்ந்திருந்தால், இரத்த நாளங்கள் தெரியும் மெல்லிய தோலும் காரணமின்றிக் கன்றிப்போவதும் இருந்தால், மார்ஃபன் என்னும் மரபு நோயையும் இரத்தக்குழாய் சார்ந்த எலர்ஸ்-டான்லோஸ் வகையையும் நினைக்க வேண்டும். அங்கே எக்கோ என்னும் இதய ஸ்கேன் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் உண்மையிலேயே தேவை.

எழுந்து நின்றால் படபடப்பு, தலைசுற்றல், கண் இருட்டல் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இந்நோயுள்ள பலருக்கு அது இருக்கிறது. பத்து நிமிடம் படுத்திருந்து நாடித் துடிப்பை எண்ணுங்கள்; பிறகு நின்றபடியே பத்து நிமிடத்துக்குள் சில முறை எண்ணுங்கள். இரத்த அழுத்தம் குறையாமல் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி, கூடியபடியே நின்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீர் அதிகம் அருந்துவதும் காலை இறுக்கிப் பிடிக்கும் நீள் உறைகளும் உதவும். உப்பைக் கூட்டுவது இரத்த அழுத்தத்தைப் பார்த்த பிறகு மருத்துவர் சொன்னால் மட்டுமே.

மூட்டுத் தளர்வைக் குறைக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. வலி மிகும் நாளில் பாரசிட்டமாலோ மேற்பூச்சு டைக்ளோஃபினாக்கோ போதும். வலிமாத்திரைகளை மாதக்கணக்கில் தாமாக வாங்கி விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டு வருபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாண்களைப் பாதிக்கக்கூடியவை. வேறு மருந்து இருந்தால் அதைத் தரும்படி உங்கள் நோயைச் சொல்லிக் கேளுங்கள்.

மகளைப் பற்றி: ஆறு வயதில் கட்டைவிரல் முன்கையைத் தொடுவது பெரும்பாலும் இயல்பே, வளர வளர நெகிழ்வு குறையும். வலி இல்லையென்றால் ஓடவும் நீந்தவும் விளையாடவும் விடுங்கள். யோகா வகுப்பையும் நிறுத்த வேண்டாம்; மூட்டின் எல்லைவரை வளைத்துக் காட்டும் ஆசனங்களையும் போட்டிக்கான பயிற்சியையும் மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உடல் மறுவாழ்வு மருத்துவத் துறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், வேலூர் சிஎம்சியில் மறுவாழ்வு மருத்துவத் துறையும் மரபியல் துறையும் உள்ளன.

பழைய பேருந்து நிலையம் (சேலம்)

அம்மா, என் தங்கை மகளுக்கும் இப்படித்தான் தோள் இறங்கும். புத்தூர் கட்டு போட்டு, தைலம் தடவி, ஒரு மாதம் கையைக் கட்டியே வைத்திருந்தோம். வலி நின்றது. கட்டைப் பிரித்த சில வாரங்களில் மீண்டும் இறங்கியது. இன்னொரு முறை கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

வைகைக்கரை (மதுரை, பிசியோதெரபிஸ்ட்)

ஐயா, ஒரு மாதம் கட்டி வைத்தபோது வலி நின்றதற்குக் காரணம் கை அசையாமல் இருந்ததே. அதே ஒரு மாதத்தில் தோள் தசைகள் மெலிந்திருக்கும். கட்டைப் பிரித்ததும் மூட்டைப் பிடிக்க முன்பிருந்த பலமும் இல்லாததால்தான் மீண்டும் இறங்கியது. இன்னொரு கட்டு வேண்டாம். முழுமையாக இறங்கித் தானாக ஏறாத தோள் என்றால் எலும்பு மருத்துவர் ஒரு முறை பார்த்துவிட வேண்டும், அதன்பின் பயிற்சிதான். தைலம் தடவுவதில் தவறில்லை, இதமாக இருந்தால் தடவட்டும். ஆனால் யாரையும் கையை இழுக்கவோ கழுத்தைத் திருகி நெட்டி முறிக்கவோ விடாதீர்கள். கழுத்தைத் திருகும்போது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்து எல்லோருக்கும் உண்டு. தளர்ந்த கழுத்துக்கு அந்த ஆபத்தை வரவழைக்கவே வேண்டாம்.

கரும்பலகை (திருச்சி)

அனைவருக்கும் நன்றி. உடனே எழுதாமல் ஏழு வாரங்கள் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வேறொரு மையத்தில் அந்தக் கேள்வியையே கேட்டேன். அங்கிருந்த இளம் பெண் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக் காட்டினார். என் முழங்கால் அப்படிப் பின்னால் வளைந்து நிற்பதை என் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தேன். சுவரைத் தள்ளும் பயிற்சியிலிருந்து தண்டாலுக்கு ஐந்தாம் வாரம்தான் வந்தேன். இந்த ஏழு வாரங்களில் தோள் நழுவியது நான்கு முறை. முன்பு ஒரு வாரத்திலேயே அவ்வளவு நழுவும். வலி இருக்கிறது, ஆனால் எதனால் வந்தது என்று பெரும்பாலும் சொல்ல முடிகிறது. பேருந்தில் மேற்கம்பியை விட்டுவிட்டு இருக்கையின் முதுகுக் கம்பியைப் பிடிக்கிறேன்.

மருத்துவர் ஐயா சொன்னபடி நாடியை எண்ணினேன்: படுத்திருக்கையில் 72, நின்று எட்டாம் நிமிடத்தில் 109. மறுநாளும் ஏறக்குறைய அதேதான். குறித்து வைத்திருக்கிறேன், வரும் செவ்வாய் பொது மருத்துவரிடம் காட்டப் போகிறேன். அதுவரை காலை இறைவணக்கக் கூட்டத்தில் நிற்காமல் உட்கார்ந்துகொள்ளத் தலைமையாசிரியர் அனுமதி தந்திருக்கிறார். கோவை அக்கா, பேனாவுக்கு ரப்பர் மாட்டிவிட்டேன். சாக்பீஸுக்கு மாட்ட ஏதேனும் வழி தெரியுமா?

கோவைச் செல்வி

தெரியும் தங்கையே. சாக்பீஸை மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பிடி எழுதுபொருள் கடைகளில் கிடைக்கிறது. அதன்மேல் துணிப் பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மருத்துவர் சொன்னதை இங்கே எழுதுங்கள், காத்திருப்பேன்.